உங்களுக்காகத் தள்ளிவைத்த ரோடு

அண்ணே,

எதிர்வீட்டுச் செல்வி இப்போதுதான் ஒரு கிண்ணம் கேசரியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நெய்யும் ஏலக்காயும் வீடு முழுக்க மணக்கிறது. தட்டைப் போட்டு மூடிவிட்டேன். தெருவுக்கு நல்ல சேதியாம், அதற்குக் கேசரியாம். அது என்ன சேதி என்று அப்புறம் சொல்கிறேன். இதே செல்வி இதே மாதிரி முந்திரி போட்டுக் கிண்டிய கேசரியை உங்கள் கையில் திணித்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

நம் நகருக்குப் பின்னால் இருக்கும் வயலை யாரோ வாங்கி பிளாட் போடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிதம்பரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கலர்க் கொடி நட்ட மனைதானே. ஆனால் வரைபடம் கைக்கு வந்த அன்று தெருவே உங்கள் ஸ்டூடியோ வாசலில் கூடிவிட்டது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு நீங்களும் வெளியே வந்தீர்கள். "இருங்க சார், தாடையை அப்படியே வெச்சிருங்க, வந்துடுறேன்" என்று அவரிடம் சொன்னதற்கு நாங்கள் சிரித்தோம். அந்தத் தாளைக் கண்ணாடி மேசைமேல் விரித்து ஆளாளுக்கு விரல் வைத்து அவரவர் வீட்டைத் தேடினோம். புது மனைகளின் நடுவே வருகிற பெரிய ரோடு நேராக வந்து முட்டுகிற இடத்தில் உங்கள் வீடு இருந்தது.

"ஐயோ, தெருக்குத்து!" என்றாள் செல்வி. கணக்கு டீச்சர், எல்லாவற்றையும் நேர்கோடு போட்டுப் பார்த்துவிடுவாள். ஒரு ரோடு நேராக வந்து வீட்டைக் குத்தினால் அந்த வீட்டு ஆம்பளைக்கு ஆகாது என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அண்ணி அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

"ரோடு வந்தா நல்லதுதான? ஆட்டோக்காரனுக்கு வழி சொல்ற வேலை மிச்சம். செவுத்துல சின்னதா ஒரு பிள்ளையார வெச்சா முடிஞ்சிது, அவரு பாத்துக்குவாரு" என்றீர்கள்.

"உங்களுக்கு எல்லாமே வெளையாட்டுதான்" என்றார் அண்ணி. அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தெரு பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? உங்கள்மேல் அத்தனை பிரியம். நம் தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் போட்டோ உங்கள் கை படாமல் மாட்டியிருக்கிறது? ரோட்டைத் தள்ளிப் போடச் சொல்லி செல்வி மனு எழுதினாள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். நானும் போட்டேன். அண்ணியின் முகத்தைப் பார்த்து நீங்களும் போட்டீர்கள்.

அந்த வரைபடத்தில் வாய்க்கால் எங்கே என்று மட்டும் ஒருத்தரும் தேடவில்லை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருத்தண்ணீர் மொத்தமும் அதில் இறங்கித்தான் ஓடைக்குப் போகும். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டோம்.

மனை போடுகிறவர்களின் மேனேஜர் நேரிலேயே வந்தார். அண்ணியைப் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு, "அம்மா மனசு நோவ நாங்க பிளாட் போட்டு என்னா பண்ணப்போறோம்? ரோட்ட அந்தப் பக்கமா தள்ளிக்கிறோம், விடுங்க" என்றார். அந்தப் பக்கம் என்றால் வாய்க்கால் பக்கம். வாய்க்காலுக்காக விட வேண்டிய இடமும் அவர்களுக்கு மிச்சம். இவ்வளவு சுலபமாக ஒரு மனிதர் இறங்கி வருகிறாரே என்று ஒருத்தருக்காவது உறைத்ததா? பட்டாசு வெடித்தோம் அண்ணே. வெட்கக்கேடு.

அன்றைக்குத்தான் அந்தக் கேசரி. எல்லோரும் ரோட்டுக்கு அளந்து குச்சி நட்ட வயலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக மாற்றி நட்ட குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் பக்கத்தில் வந்ததும் மெதுவாகச் சொன்னீர்கள்.

"வசந்தா, ரோடு வீட்டுக்குள்ள வராது. தண்ணி வரும்."

"எல்லார்கிட்டயும் சொல்லுங்கண்ணே, இப்பவே சொல்லுங்க" என்றேன். நீங்கள் அண்ணியின் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். யாரோ சொன்ன எதற்கோ அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வேணாம். அவ இன்னிக்குத்தான் சிரிக்கிறா" என்றீர்கள்.

பிறகு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து செம்மண் லாரிகள் வர ஆரம்பித்தன. வயல் உயர்ந்துகொண்டே போனது. நம் ஜன்னல் மட்டத்துக்கு அவர்கள் தரை வந்தது. வாய்க்காலுக்குள் ஒரு குழாயைப் போட்டு மூடி, மேலே தார் போட்டார்கள். நீங்களும் நானும் பஸ் பிடித்துக் கடலூர் போனோம். மனைக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் நம்மை யாரும் விரட்டவில்லை, அதைச் சொல்ல வேண்டும். உட்காரச் சொன்னார்கள். அதிகாரி ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரோடு வாய்க்கா மேல போவுதுன்னு இப்ப வர்றீங்க. அங்க தள்ளச் சொன்னதே நீங்கதானய்யா? தெருவே கையெழுத்து போட்டிருக்கு. இது உங்க கையெழுத்துதான?" என்றார்.

"ஆமா சார், என்னுதுதான்" என்றீர்கள். எழுந்து வெளியே வந்தோம்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் நான் கத்தினேன். "அந்த செல்விய நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன். படிச்சவளாம், டீச்சராம், ஜாஸ்தி தெரிஞ்சவளாம்!" நீங்கள் டீயை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள். "திட்டாத வசந்தா. எனக்காகத்தான செஞ்சாங்க."

"அதனாலதான் வயிறு எரியுது" என்றேன்.

அந்த வருஷமே மழை காட்டிக்கொடுத்துவிட்டது. குழாய் திணறி, தண்ணீர் திரும்பி நம் தெருவுக்குள் வந்து நின்றது. வடியவே இல்லை. உங்கள் வீட்டில் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினீர்கள். சர்க்கரை உடம்பை வைத்துக்கொண்டு, யார் வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்க வேண்டும், யார் வீட்டு நாயைக் கரையேற்ற வேண்டும் என்று அந்தச் சாக்கடைத் தண்ணீரிலேயே நடந்தீர்கள். காலில் எதுவோ கிழித்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் நீங்களும் போய்விட்டீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை அண்ணே. மறுபடியும் பெய்து, தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கே வைப்பது என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உங்களைக் குத்தக்கூடாது என்று நாங்கள் தள்ளிவைத்த அந்த ரோட்டில்தான் ஷாமியானா போட்டு உங்களைக் கிடத்தினோம். ஊரையே போட்டோ எடுத்த உங்களுக்கு ஒரு நல்ல போட்டோ இல்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கேசரி சாப்பிட்ட அன்றைய படத்திலிருந்து உங்களை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கையும் தட்டும் வராதபடி கழுத்து வரைக்கும்தான். நான் அந்தப் பேனரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி இப்போது மகளோடு அண்ணாகிராமத்தில் இருக்கிறார். உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கறை போகவில்லை.

இப்போது இரண்டாம் கட்டமாம். புது வரைபடம் வந்தது. இந்த முறை ரோடு நேராக வந்து குத்துவது என் வீட்டை. செல்வி கண்கலங்க ஓடிவந்தாள். "அண்ணனுக்கு செஞ்ச மாதிரி உங்களுக்கும் செய்வோம்க்கா. விட்டுடுவமா?"

"வேணாம் செல்வி. குத்தட்டும். அதத் தள்ளுனா தெக்கால இருக்கிற சின்னப் பாலத்த மூடிக்கிட்டுதான் போவும். தெருத் தண்ணிக்கு மிச்சம் இருக்கிற வழி அது ஒண்ணுதான்டி. அண்ணன் எதால போனாருன்னு மறந்துட்டியா?"

"அண்ணன் தெருக்குத்தாலதான்க்கா போனாரு" என்றாள். "ரோட்டத் தள்ளிட்டாலும், மொதல்ல குச்சி நட்டாங்கல்ல, அப்பவே தோஷம் ஒட்டிக்கிச்சுன்னு ஜோசியரே சொன்னாரு."

அவள் மட்டும் இல்லை, தெருவே அப்படித்தான் நம்புகிறது. நான் வீடு வீடாகப் போய்க் கத்தினேன். தனியாக இருக்கிறாள், பயத்தில் பேசுகிறாள் என்று எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள். நான் இல்லாமலே எனக்காக எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தனியாகக் கடலூர் போய் அதே அலுவலகத்தில் நின்றேன். "உங்க நல்லதுக்குத்தானம்மா கேக்குறாங்க" என்றார்கள்.

ரோட்டைத் தள்ளியாயிற்று. அதுதான் இன்றைய நல்ல சேதி.

கரண்டியை என் கையில் வைத்து, "சாப்புடுங்கக்கா, இனிமே நிம்மதியா தூங்கலாம்" என்றாள் செல்வி. நாசமாகப் போங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ டம்ளரோடு நீங்கள் நின்றது கண்ணுக்கு வந்துவிட்டது. எனக்காகத்தானே செய்திருக்கிறார்கள். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு சொல்தான் அண்ணே. அது ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடுக்காது. என் வாயைத்தான் அடைக்கிறது.

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். "நல்லா இருக்கு செல்வி" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசி பிறக்கப்போகிறது. உங்கள் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. கட்டிலுக்கு வைத்த அந்தச் செங்கல்களை இன்றைக்கே எடுத்துவந்துவிட வேண்டும்.

வசந்தா