உன் செருப்பை நான் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளிக்கிழமை

நேற்றுப் பின்னேரம் ரோவில் புறநகரில் எங்கள் வீட்டுக் கராஜில் இருந்தவர்கள்: நான், இவர், மகள் ஆரணி, கமரா பிடிக்கும் அவளுடைய சிநேகிதன், உன்னாக நடிக்க வந்திருக்கும் கயல். ஐந்து பேர். நீயும் இருந்தாய் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் உனக்குத் தெரியும், நான் எதையும் உள்ளபடியே எழுதி வைப்பவள்.

ஆரணி படம் எடுக்கிறாள். உன்னைப் பற்றி என்று வாய்விட்டுச் சொல்லமாட்டாள். "உங்கட காலத்துப் பெட்டையள் பற்றி" என்பாள். சந்திக்குச் சந்தி வீதி நாடகம் போட்டு, கூந்தலைக் கத்தரித்து, ஆண்களின் சைக்கிளில் ஏறி உலகத்தைத் திருத்தப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை. செலவுக் கணக்கும் சாமான்களும் என் பொறுப்பு. டண்டினொங் சந்தையில் வாங்கிய ரப்பர் செருப்பை உறையிலிருந்து உருவினேன். நீல வார். புது ரப்பரின் மணம் மூக்கில் ஏறியதும் நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

அதே மணம்தான். அப்போது ஊரில், தேர்த் திருவிழாவுக்கு அம்மா எனக்கு வாங்கித் தந்த புதுச் செருப்பு. தொலைத்தால் வீட்டுக்கு வராதே என்று சொல்லி விட்டிருந்தார். கோயில் வாசலில் நீதான் அதை என் கையிலிருந்து பறித்தாய்.

"குடு, நான் பிடிக்கிறன். நீ போட்டு வா."

"நீ வரேல்லையோ?"

"பூமணி உள்ளுக்கை போற அண்டைக்கு நானும் வாறன்."

பூமணி உன் நாடகக் குழுவில் பாடுகிறவள். அவள் குரலெடுத்தால் சந்தையே வியாபாரத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். ஆனால் அவளுடைய சாதிக்காரரை அந்தக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். முதல்நாள் நாடகத்தில் அவளுக்குக் கைதட்டிய ஆட்களே மறுநாள் வாசலில் நின்று மறித்தார்கள். நீங்கள் இருவரும் வேலிக்கரையில் நின்றீர்கள். நீ கடலை கொறித்தாய், பூமணி கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் உள்ளே போகத் திரும்பியபோது நீ பின்னாலிருந்து கூப்பிட்டாய்: "எடியே, எனக்கும் சேத்து ஒண்டு கேள். வாசலைக் கொஞ்சம் அகலத் திறக்கச் சொல்லு!"

அந்த வருடம்தான் நீ தலைமுடியை வெட்டினாய். உன் அம்மா முற்றத்தில் குந்தியிருந்து அழுதழுது அதைப் பொறுக்கினார். நீயோ, "கழுத்துக்கு நல்லாக் காத்துப் படுதடி" என்று என் சடையைப் பிடித்து இழுத்தாய். பத்தாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்ட எனக்கு நீ கொண்டுவந்து போட்ட புத்தகங்களை அடுப்படியில் இருந்தே படித்தேன். பாதிக்கு மேல் எனக்கு ஒத்துவரவில்லை. தேவாரம் பாடாமல் நான் சாப்பிட்டதில்லை என்று தெரிந்தும் நீ ஒருநாளும் அதைப் பகிடி பண்ணியதில்லை.

ஆரணி எழுதிய காட்சியில் அந்தப் பெண் கோயில் வாசலில் நின்று, "கடவுள் எண்டு ஒண்டு இல்லை" என்று கத்திச் செருப்பைக் கதவில் எறிய வேண்டும். கயல் சென்னைப் பிள்ளை. நம்முடைய பேச்சை நன்றாகப் பழகி வந்திருந்தாள். எறிந்தாள். செருப்பு கராஜ் கதவில் பட்டு விழுந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"அவள் எறியேல்லை பிள்ளை."

"எறியலன்னா வேற என்ன செஞ்சாங்க ஆன்ட்டி?"

"பிடிச்சுக்கொண்டு நிண்டாள்."

"யாரோட செருப்பு?"

"என்ரை."

ஆரணி பேப்பரை மடியில் வைத்தாள். "அம்மா, இதை ஏன் முதலே சொல்லேல்லை? இட்ஸ் மச் பெட்டர்!" அவள் பேனாவால் பழைய வசனத்தை வெட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப அன்ரி கடைசி வரைக்கும் ஒரு கோயிலுக்குள்ளையும் போகேல்லையா?"

நான் குனிந்து கீழே கிடந்த செருப்பை எடுத்தேன்.

"எனக்குத் தெரியவேணும் அம்மா. போகேல்லை எண்டால், வயசான அவ கார் பார்க்கில தனிய இருக்கிறதோட முடிக்கிறன். அதுதான் கடைசி சீன்."

இவர் முந்திக்கொண்டார். "எங்கை போனவ? இவளைக் கேரம் டவுன்ஸ் கோயிலடியிலை இறக்கிப்போட்டுக் காருக்குள்ளை பேப்பர் வாசிப்பா. நான் எத்தினை தரம் கண்டனான்." நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

இவர் சொன்னது பொய்யில்லை. எனக்குக் கார் ஓடத் தெரியாது. நாம் இருவரும் இந்த நாட்டுக்கு வந்த பிறகு, டண்டினொங்கில் மரக்கறி பொதி செய்யும் வேலை முடிந்து, எல்லோருக்குமாகவும் மேற்பார்வையாளருடன் சண்டை பிடித்துக் களைத்து வந்தும், வெள்ளிக்கிழமைகளில் நீதான் என்னைக் கூட்டிப்போனாய். "இஞ்சை ஆர் எவரெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, வாவன்" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்!

"பூமணி அங்கை வெளியிலை நிக்கேக்கை நான் இஞ்சை உள்ளுக்கை போனால், அவளைத் தனிய விட்டதாப் போயிடுமடி."

பிறகு உனக்கு வருத்தம் வந்தது, புற்றுநோய். மருந்தில் முடி கொட்டியது. "ரெண்டாந் தரமும் கழுத்துக்குக் காத்து" என்று நீதான் சிரித்தாய். எனக்குச் சிரிக்க வரவில்லை. அப்படியான ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் கார் பார்க்கில் உன் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. நரைத்த தலையும் பட்டுச் சேலையுமாய்ப் பூமணி. அவளுக்குப் பின்னால் நம் ஊர்க் கோயிலின் மூலஸ்தானத்து விளக்கு. "எடியே, பார், நான் உள்ளுக்கை நிக்கிறன்!" என்று அந்தப் பழைய குரலிலேயே கத்தினாள். நீ அதைத் திரும்பத் திரும்பப் போட்டாய். பிறகு காரை விட்டு இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றி என் கையில் தந்தாய்.

"இண்டைக்கு நீ பிடி."

"நானும் வாறனே."

"வேண்டாம். வெளியிலை நிக்கிறது எப்பிடி இருக்குமெண்டு ஒருக்கா நிண்டு பார்."

நின்றேன். உள்ளே மணி கேட்டது. தெரிந்த சனம், "என்ன அன்ரி, உள்ளுக்கு வரேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. தேய்ந்த உன் செருப்பை நெஞ்சோடு அணைத்தபடி, ஒவ்வொருவருக்கும் "ஓம், நீங்கள் போங்கோ" என்றேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தாய் நீ. காருக்குள் ஏறியதும் கண்ணாடியைப் பார்த்து அதைத் துடைத்தாய்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. வருத்தம் வந்த உடனை பயந்து சாமியைப் பிடிச்சிட்டாள் எண்டுதான் கதைப்பினம். பூமணிக்காகப் போனனான் எண்டு நம்பாயினம். சத்தியம் பண்ணு."

கோபுரம் தெரியச் சத்தியம் பண்ணினேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் காத்தேன். இவருக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆனால் இப்போது என் மகள் உன்னைக் காருக்குள் தனியாக வைத்துக் கதையை முடிக்கப் போகிறாள். பார்க்கிறவர்கள் உன்னைத் தோற்றுப்போன கிழவி என்று எண்ணிக்கொண்டு எழும்பிப் போவார்கள். நீ கேட்டது நடந்தது, நடந்த அன்றைக்கே நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய் என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும். அதைச் சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் நீ போவாய்.

இப்போதெல்லாம் நான் வெள்ளிக்கிழமைகளில் நேரே உள்ளே போவதில்லை. என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் கொஞ்சம் நிற்கிறேன். உன்னிடமிருந்து வந்த பழக்கம் அது, விடமாட்டேன்.

சனிக்கிழமை கடைசிக் காட்சி எடுக்கிறார்கள். ஆரணிக்கு நான் சொல்லலாமா, கூடாதா? நாளை மறுநாள் வெள்ளி. வாசலில் நிற்பேன். கெதியாய் ஒரு பதில் சொல்லு.