இரண்டாம் பக்கத்திலிருந்து பதினொன்று வரை

மார்ச் 4, செவ்வாய்

மச்சினனுக்குக் கொடுத்த கொட்டேஷனில் இரண்டாம் பக்கத்திலிருந்து பதினொன்றாம் பக்கம் வரை, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், "சொந்தம். வேறெங்கும் போகமாட்டான். பன்னிரண்டு ஏற்று" என்று அச்சாகிப் போய்விட்டது.

அவன் என் மனைவியின் தம்பி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பதினெட்டு அறை லாட்ஜ் கட்டுகிறான். கதவு, பூட்டு, கீல் எல்லாம் என் கடையில்தான் என்று அஸ்திவாரம் தோண்டும்போதே சொன்னவன். காலை பதினொரு மணிக்கு வந்தான். உட்காரவில்லை. தாள்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினான்.

"மாமா, முதல் பக்கம் நல்லா இருக்கு. மதிப்பிற்குரியன்னு போட்டிருக்கீங்க. ரெண்டாவதுலேருந்து என்ன இது?"

பார்த்தேன். பத்துத் தடவை.

"டைப்பிஸ்ட்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. வந்த பிறகு அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. விலை போடுவது அந்தம்மாதான், யாருக்கு எவ்வளவு என்று அதுவே குறித்துக்கொள்ளும், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்...

"எனக்கு ஏத்தி அந்தம்மாவுக்கு என்ன லாபம்?"

"என்கிட்ட நல்ல பேர் வாங்கத்தான்."

"வாங்கிடுச்சா?"

நான் தாள்களை அடுக்கினேன். அவன் வாசல் வரை போய்த் திரும்பினான். "அந்தம்மாவ அனுப்பிட்டு வேற கொட்டேஷன் கொடுங்க. பாக்கலாம்."

டைப்பிஸ்ட் நேற்று மதியத்திலிருந்து விடுப்பு. மகளுக்குக் கண்ணாடி மாற்றப் போயிருக்கிறாள். எதிரில் இல்லாததால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தாளோ?

எழுதியது நான்.

மார்ச் 5, புதன்

எப்படி நடந்தது என்று இங்கேயாவது நேராக எழுதுகிறேன்.

கொட்டேஷனின் முதல் பக்கத்தில் வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு பெட்டி உண்டு. ஏழு வருஷத்துக்கு முன் டைப்பிஸ்ட் செய்துவைத்தது. அதில் ஒரு முறை பெயரைத் தட்டினால் மற்ற எல்லாப் பக்கத்தின் தலையிலும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் பக்கத்தின் தலையில் மட்டும் வராது, அங்கே கடைப்பெயர் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் பக்கம் பக்கமாகக் கையால் அடிப்போம். ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்குப் போன கொட்டேஷனில் நடுப்பக்கம் மட்டும் ஆஸ்பத்திரிப் பெயரில் போய், பிணவறைக் கதவு எத்தனை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டுச் சிரித்தார். அதன் பிறகுதான் இந்தப் பெட்டி.

நான் அதை வேறு வேலைக்குப் பழக்கிக்கொண்டேன். வாடிக்கையாளர் வெளியே போனதும் மனதில் பட்டதை அதில் தட்டிவிடுவேன். "வாய் பெரிசு, இரண்டு குறை." "அவசரக்காரர், ஐந்து ஏற்று." எல்லாம் நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு. அவள் படித்து, விலையைப் போட்டுவிட்டு, குறிப்பை அழித்துப் பெயரை அடிப்பாள். "இதுல எழுதாதீங்க சார், ஒருநாள் மாட்டுவீங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். தனியாக எழுதிவைக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அது மேஜைக் காலுக்கு அடியில் முட்டாக இருக்கிறது.

திங்கள் மதியம் விலையெல்லாம் போட்டு முடித்தாள். "பேர் மட்டும் மாத்தணும், புதன்கிழமை வந்து பிரின்ட் எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அரை மணியில் மச்சினன் போன் செய்தான், இப்போதே வேண்டும் என்று. நானே உட்கார்ந்தேன். குறிப்பை மட்டும் அழிக்கத் தெரியாமல் பெட்டியையே அழித்தேன். அந்த இடத்தில் அவன் பெயரை அடித்தேன். முதல் பக்கம் மணியாக இருந்தது. மற்றதைப் புரட்டவில்லை.

இன்று வந்தாள். தாள்களைக் காட்டினேன். முதலில் சிரித்துவிட்டாள்.

"பெட்டியையே எடுத்துட்டீங்களா சார்? எடுத்தாலும் உள்ள இருக்கறது போகாது. மேல போயி நிக்கும்."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஒரு பத்து நாள் வீட்ல இரும்மா. அவன் கோவத்துல இருக்கான்."

"அவருக்குக் கோவம்னா நான் எதுக்கு சார் வீட்ல இருக்கணும்?" தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, "யார் எழுதினதா சொன்னீங்க?"

நான் கிடங்குப் பக்கம் திரும்பி, அங்கிருந்த ஆளிடம் வேண்டாத ஒரு கீல் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். திரும்பிப் பார்க்கும்போது சாப்பாட்டு டப்பாவை எடுத்துவைத்திருந்தாள். பேனாவை எடுத்தாள். நாற்காலியில் போட்டிருந்த அவளுடைய சின்ன மெத்தையையும் எடுத்துக்கொண்டாள்.

பத்து நாள் விடுப்பில் போகிறவள் மெத்தையை எடுக்கமாட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

சம்பளத்தோடுதானே வீட்டில் இருக்கச் சொன்னேன் என்று எழுத நினைத்தேன். சம்பளத்தைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

எதிர் வரிசை பெயின்ட் கடைக்காரர் போன் செய்தார்.

"உங்க டைப்பிஸ்ட் வேலை கேட்டு வந்துச்சு. கெட்டிக்காரப் பொண்ணு, எனக்கே தெரியும். ஆனா உங்க மச்சினன் என்னமோ சொன்னாரே, விலையில விளையாடுதுன்னு. நெசமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நீங்களே பாத்து முடிவு பண்ணிக்கோங்க" என்றேன்.

"சரி சரி, புரிஞ்சுது" என்று வைத்துவிட்டார்.

என்ன புரிந்ததோ அதுதான் புரியட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சொன்னதற்காவது பதறிவிட்டேன் என்று ஒரு சாக்கு இருக்கிறது. இன்றைக்கு? நாற்காலியில் சாய்ந்துகொண்டு, காலை நீட்டிக்கொண்டு... என்ன மனுஷன்டா நீ. பதினெட்டு அறைக் கதவுக்காகவா? இல்லை. ஆர்டர் போனால் இன்னொன்று வரும். அவன் முன்னால், இவள் முன்னால், "நான்தான்" என்று சொல்ல இந்த வாய் வரவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"எங்கப்பா வீட்டுக்கு முன்கதவு வித்தீங்களே, அதுக்கும் பன்னிரண்டுதான?"

"யார் சொன்னா?"

"நீங்கதான். கடை வெச்ச புதுசுல. 'சொந்தக்காரன் பேரம் பேசமாட்டான், ஆனா ஞாயித்துக்கிழமை கதவு இழுக்குதுன்னு கூப்பிடுவான், அதுக்குக் கூலி பன்னிரண்டு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தம்பி வந்து டைப்பிஸ்ட் கதை சொன்னப்ப வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"நான் என்ன சொல்றது. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புக்கு அந்தப் பொண்ணு பேரு வீதியில கிடக்குது. நான் தம்பிகிட்ட சொல்லமாட்டேன். அது உங்க வேலை."

சட்டையைக் கொடுத்தாள். பொத்தான் கெட்டியாக இருந்தது.

மார்ச் 12, புதன்

கடையில் கூட்டமில்லை. பழைய கொட்டேஷன் ஒன்றைத் திறந்து அந்தப் பெட்டியில் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். கீழே உருட்டினால் எல்லாப் பக்கத்தின் தலையிலும் நான். ஒன்றில் மாற்றினேன், எல்லாவற்றிலும் மாறியது. ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட இதை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. நல்ல வேலை. எவ்வளவு நல்ல வேலை என்று அவளிடம் சொன்ன ஞாபகமும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள் என்று கிடங்கு ஆள் சொன்னார். போனேன். வரிசையில் ஏழாவது ஆளாக நின்றேன். தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். மெத்தை அந்த நாற்காலியில் இருந்தது.

"அடுத்து யாரு? எத்தனை பக்கம்?"

"பதினொன்னு" என்றேன்.

நிமிர்ந்தாள். "இங்க பக்கக் கணக்கு சார். சொந்தம்னு ஏத்தறதில்ல."

அந்தக் குத்தை வாங்கிக்கொண்டேன். அதற்குத்தானே போனேன்.

"அவன்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்மா. நீ வந்துடு."

"பெயின்ட் கடைக்காரர் கேட்டப்ப என்ன சார் சொன்னீங்க?"

எனக்குப் பின்னால் நின்றவர், "அண்ணே, குடும்பப் பேச்சுன்னா ஓரமா பேசுங்க. எனக்கு அப்ளிகேஷன் இன்னிக்கிக் கடைசி நாள்" என்றார். அவருடையதை அடித்து முடிக்கும்வரை சுவரோரம் நின்றேன். பிறகு அவளே கூப்பிட்டாள்.

"வாயால சொன்னா காத்தோட போயிடும். எப்படிப் போச்சோ அப்படியே திரும்பணும். ரெண்டாம் பக்கத்துலேருந்து பதினொன்னு வரைக்கும்."

"ஒரு பக்கத்துல போட்டாப் போதாதா?" பழக்கதோஷம். பேரம் தானாக வருகிறது.

"அவர் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பாரு சார்?"

"சரி. பத்து."

"பெட்டியத் திரும்ப வெச்சுக் கொடுக்கறேன். தட்டறது நீங்க. நான் அடிக்கமாட்டேன்."

சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தாள். உட்காராமல், நின்றபடியே இரண்டு நிமிஷத்தில் பெட்டியை வைத்துக் கொடுத்தாள். வெளியே போய் நின்றுகொண்டாள். ஒரு வரி தட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் "தவறுதலாக" என்று ஆரம்பித்தேன். அழித்தேன். "எங்கள் அலுவலகத்தில்" என்று ஆரம்பித்தேன். அதையும் அழித்தேன். கடைசியில்: "சென்ற கொட்டேஷனில் இருந்த குறிப்பை எழுதியவன் நான். டைப்பிஸ்ட் அல்ல." பிறகு அன்று செய்தது போலவே பெட்டியை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் மச்சினன் பெயரை அடித்தேன்.

உள்ளே வந்து பதினொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை நானும் புரட்டினேன்.

மார்ச் 15, சனி

லாட்ஜுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தான். இரண்டாம் பக்கத்தில் நின்றான். மூன்றைப் புரட்டினான், நான்கைப் புரட்டினான். பத்திலும் அந்த வரியைத்தான் பார்த்தான், விலையைப் பார்க்கவில்லை. கதவில்லாத அந்த அறையில் அவன் புரட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தம்மாவப் பத்தி நான் நாலு இடத்துல சொல்லிட்டேனே மாமா."

"சொல்ல வெச்சது நான்."

"நாலு இடத்துலயும் நானே போய் மாத்திச் சொல்லிடறேன். பெயின்ட் கடை மட்டும் உங்களுது." தாள்களை மடித்தான். "விலைய ஏத்தினதக்கூட விடுங்க, வியாபாரம். வேறெங்கும் போகமாட்டான்னு எழுதினீங்க பாருங்க." பையிலிருந்து வேறு கடைகளின் பெயர் போட்ட மூன்று உறைகளை எடுத்து மூட்டைமேல் வைத்தான். "போயிட்டு வந்துட்டேன்."

அவனோடு முடிவானது: அறைக்கும் குளியலறைக்குமாகக் கதவு முப்பத்தாறு மட்டும் என்னிடம். மூன்று உறையில் எது குறைவோ அந்த விலை. பாதி முன்பணம், மீதி எல்லாம் மாட்டி முடித்த அன்று. பூட்டும் கீலும் வேறு கடை. ஞாயிற்றுக்கிழமை கதவு இழுத்தால் நான் போக வேண்டும், கூலி கிடையாது.

அவளோடு முடிவானது: வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. பெயின்ட் கடைக்காரரிடம் நேரில், கடையில் ஆட்கள் இருக்கும்போது சொல்ல வேண்டும். அவள் புரட்டிப் பார்க்காமல் ஒரு தாளும் வெளியே போகக்கூடாது. பெட்டியில் என் விரல் படக்கூடாது, குறிப்பு எழுத மேஜைக் காலடியில் இருக்கும் நோட்டு. திங்கட்கிழமை வருவாள். மெத்தையைத் திரும்பக் கொண்டுவர மாட்டாள், புது நாற்காலி நான் வாங்க வேண்டும்.