தூணுக்கு ஏறாத போதை

மார்ச் 3

கண்ணாடிக் கடையில் என் வீட்டுக்காரருக்குத் தூண் என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ரெண்டு மடக்கில் தள்ளாடுவார்களாம். இவர் பாட்டிலையே காலி பண்ணிவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஒரே இழுப்பில் நேராக அறுப்பாராம். "எனக்கு ஏறாதுடி, உடம்பு அப்படி" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். காசு கொடுத்து வாங்கின போதை ஏறவில்லை என்றால் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட வேண்டாமா? இந்த மனுஷன் பெருமைப்படுகிறார்.

மார்ச் 9

இப்போது ஒரு பாட்டிலும் பத்தவில்லையாம். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பத்தாத மாதிரி சொல்கிறார்.

மார்ச் 14

இவருடைய கூட்டாளி, கடையில் கண்ணாடிக்கு மரச்சட்டம் அடிக்கிறவர், சாப்பிட வந்தார். ரெண்டு பேரும் குடித்த வீரத்தையே பேசினார்கள். எனக்கு வாய் அரித்தது.

"குடிக்கத் தெரியும்னு ஊருக்கே தெரியும். நிறுத்தத் தெரியுமா?"

கூட்டாளி சிரித்துவிட்டார். இவர் முகம் சுருங்கியது. "நாளையிலேருந்து ஒரு சொட்டு கிடையாது. பாத்துக்கோ."

அடுக்களைக்குப் போய்ச் சிரித்தேன். ரோஷத்தைக் கிளப்பினால்தான் தூண் அசையும்.

மார்ச் 15

நிஜமாகவே குடிக்கவில்லை! கை நடுங்குகிறது. டீ பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு. "தூண் ஆடுதே, அஸ்திவாரம் சரியில்லையோ?" என்றேன். முறைத்தார்.

மார்ச் 16

வியர்த்துக் கொட்டுகிறது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைத்துக்கொண்டே இருக்கிறார். சுவரில் ஒன்றும் இல்லை. "நாலைப் பிடிச்சுக் குடுங்க, வளர்க்கலாம்" என்றேன். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டாததுதான் என்னவோ போல் இருக்கிறது.

மார்ச் 17

ஆஸ்பத்திரி. பல்லு தேய்ச்சிட்டே விழுந்துட்டாரு. வலிப்பு. வாயெல்லாம் நுரை — நான்தானே நிறுத்தச் சொன்னேன்? நல்லதுதானே சொன்னேன்? குடிச்சா சாவாங்க, அது தெரியும். நிறுத்தினாக் கூடவா?

மார்ச் 19

கண் திறந்து என்னைப் பார்த்தார். போதும்.

டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். "மூளையில அடக்குற ரசாயனம் ஒண்ணு, கிளப்புற ரசாயனம் ஒண்ணு. குடி, அடக்குற பக்கம் சேர்ந்துக்கும். தினமும் அமுக்கினா மூளை சும்மா இருக்குமாம்மா? அடக்குறதுக்கு மசியாது, கிளப்புறதைக் கூட்டிக்கும். அதான் ஏறல. திடீர்னு குடியை எடுத்துட்டா, கிளப்புறது மட்டும் தறிகெட்டு ஓடும்."

நான் வேலை பார்க்கிற சலவைக் கடைக் கதைதான். மெஷின் இரைச்சல் அமுக்குகிறது என்று நாங்கள் கத்திக் கத்திப் பேசுவோம். கரண்ட் போனால் மெஷின் நிற்கும், நாங்கள் நிற்க மாட்டோம். அவரவர் மாமியார் வண்டவாளம் தெருக்கோடிவரை கேட்கும்.

"அப்ப ஏறாதது பலம் இல்லையா?"

"பலமா? மூளை குடிக்குப் பழகிடுச்சுன்னு அடையாளம். நிறுத்தணும்தான். ஆனா எங்ககிட்ட வந்து, மருந்தோட நிறுத்தணும்."

இதற்கா இத்தனை நாள் நெஞ்சைத் தட்டினார்!

மார்ச் 25

வீடு. "என்னடி, வாய்க்குப் பூட்டா?" என்கிறார். கிண்டல் வரவில்லை. மாத்திரையை நீட்டினேன்.

ஜூன் 8

கூட்டாளியின் மனைவி எங்கள் சலவைக் கடைக்கே ஓடி வந்தாள். முகமெல்லாம் பல். "அக்கா! உங்க வீட்டுக்காரரைப் பாத்து எங்க ஆளும் நேத்தோட நிறுத்திட்டாரு. இருந்ததையெல்லாம் நானே கொட்டிட்டேன்!"

"கை நடுங்குதா?"

"ஆமாக்கா. சுத்தியலை ரெண்டு தரம் கால்ல போட்டுக்கிட்டாரு. ஒரே சிரிப்பு!"

இஸ்திரிப் பெட்டியை எங்கே வைத்தேனோ, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். குடிக்காதே என்று கத்துகிற பெண்டாட்டிகளை ஊரே பார்த்திருக்கும். ஒரேயடியாக நிறுத்தாதே என்று கத்திக்கொண்டு ஓடியவள் நான் ஒருத்திதான்.

கூட்டாளி இவரைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். "நான் என்ன உன்னை மாதிரி நோஞ்சானா?"

"நோஞ்சானா பலசாலியான்னு டாக்டரம்மா சொல்லட்டும். ஏறுடா" என்றார் இவர். கண்ணாடி ஏற்றும் வண்டியில் கூட்டாளியை உட்காரவைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு தானும் ஏறிக்கொண்டார். நல்லவேளை, வலிப்பு வருவதற்குள் சேர்த்துவிட்டார்கள்.

திரும்பி வந்தால், யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு கருகிக் கிடந்தது. முதலாளி கத்தினார்.

கத்தட்டும். சட்டைதானே.