பி டீம் பட்டியலில் உங்கள் பெயர்

பாய்,

இன்று காரின் டிக்கியைச் சுத்தம் செய்தபோது உங்கள் முட்டிப் பட்டை கிடைத்தது. நாம் ஒரே காரில் மேட்சுக்குப் போன நாட்களில் நீங்கள் கழற்றிப் போட்டது. தைல வாசனை இன்னும் போகவில்லை. டிக்கியை மூடிவிட்டு அதன் மேல் சாய்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும், எனக்கென்ன.

இந்த பிளானோ ஊரில் நம் கிரிக்கெட் டீமை ஆரம்பித்ததே நீங்கள்தான். ஆள் சேர்ந்து ஏ, பி என்று இரண்டாகப் பிரித்த வருடம், ஒரு மேட்ச் முடிந்து இந்தியன் கடையில் சமோசா தின்றுகொண்டிருந்தோம். டிவியில் பேஸ்பால் ஓடியது. உங்களைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

"அஞ்சு வருஷம் மேஜர் லீக்ல ஆடினவனை, அவன் ஓகே சொல்லாம மைனர் லீக்குக்கு எறக்க முடியாது, தெரியுமா? நம்மளும் அந்த ரூல் வெச்சுக்கலாம்பா."

"யாருக்காக பாய், உங்களுக்கா?" என்று கிண்டலடித்தேன்.

"எனக்கும்தான்டா. ஆளை எறக்கறது தப்பில்ல. கேட்டுட்டு எறக்கு."

எல்லோரும் கை தூக்கினோம். ஐந்து சீசன் ஆடியவரைக் கேட்காமல் பி டீமுக்கு அனுப்பக் கூடாது என்று முடிவானது. முதலில் கை தூக்கியவன் நான்.

2008-இல் நான் கேப்டன். உங்களுக்கு அது ஏழாவது சீசன். முட்டி மடங்கவில்லை, கைக்கு வந்த கேட்சுகள் நழுவின. ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸில் உட்கார்ந்தபடியே பட்டியலை டைப் செய்து, உங்கள் பெயரை பி டீமில் போட்டு, எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிட்டேன். நம்ம பாய்தானே, ஒன்றும் சொல்லமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஆலன் மைதானத்தில் நடந்த பி டீம் மேட்சுக்கு நீங்கள்தான் முதல் ஆளாய் வந்தீர்களாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன்.

"என்ன கேப்டன், செக் பண்றியா? அங்க நிழல் நல்லா இருக்குப்பா," என்று சிரித்தீர்கள். போனை வைப்பதற்கு முன் குரல் இறங்கியது. "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வார வெயிலைப் பற்றிப் பேசினேன்.

மூன்றே வாரத்தில் மாரடைப்பு. ஜனாஸாவுக்கு, உங்கள் இறுதித் தொழுகைக்கு, இரண்டு டீமும் வந்து நின்றன. வீட்டில் எப்போதும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் உங்கள் மகன், எங்கள் முன்னால் வந்து தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினான். "அத்தா யார் மனசையாவது கஷ்டப்படுத்தியிருந்தா, ப்ளீஸ், மன்னிச்சிடுங்க." இறந்தவருக்காக வீட்டார் இப்படி மன்னிப்புக் கேட்பது உங்கள் மார்க்கத்தில் வழக்கம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

நான் எதை மன்னிப்பது, பாய்? கேட்க வேண்டியவன் நானல்லவா? சம்மதம் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க முழுசாக மூன்று வாரம் இருந்தது, அதையும் கேட்கவில்லை. அந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.