சப்பரத்துக்காக உடைத்த ஹம்பு

மட்டாஞ்சேரி
12-7-1999

அன்புள்ள தம்பி இசக்கிராஜாவுக்கு,

அக்கா சந்தனமாரி எழுதுவது. நானும் அத்தானும் சுகம். மஸ்கட்டில் சூடு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரமே நம் மகாவை பஸ் தட்டிவிட்டது. பள்ளிக்கூடத்து வளைவில்தான். உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. மகள் மாதிரி வளர்த்த நீ பயந்துவிடுவாய் என்றுதான் எழுதாமல் இருந்தேன். இப்போது வருகிற கோபத்தில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வளைவில் பஸ் வேகத்தைக் குறைக்க ஒரு ஹம்பு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தெருவே அலைந்து திரிந்து போட வைத்தது. திருவிழாவில் மாரியம்மன் சப்பரத்தின் சக்கரம் அதில் ஏறாமல் நின்றதும், முதலில் கடப்பாரையைத் தூக்கியவன் நீ. திருவிழா முடிந்ததும் நாமே போட்டுவிடலாம் என்று வாய் கிழியப் பேசினாயே! கொடி இறங்கியது, நீ விமானம் ஏறிவிட்டாய். ரோடு மொட்டையாகக் கிடக்கிறது. பஸ்காரன்களுக்குக் கொண்டாட்டம், ஒருவனை ஒருவன் முந்திக்கொண்டு பறக்கிறான்கள்.

எஞ்சினியர் ஆபீசுக்கு நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்துவிட்டது. "நிங்கள் தன்னே பொளிச்சதல்லே, சேச்சி?" என்று, நீங்களே உடைத்ததுதானே என்கிற மாதிரி, அந்த சார் கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. இந்தத் தடவை உயரம் குறைத்து, அகலமாகப் போட்டு, வெள்ளைக் கோடு அடித்து, வளைவுக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகையும் வைத்துத் தருவாராம். ஆனால் இனி உடைக்க மாட்டோம் என்று கோயில் கமிட்டி கையெழுத்துப் போட வேண்டுமாம். கமிட்டித் தலைவர் வெங்கடேஸ்வரன் அண்ணனோ, எவ்வளவு தாழ்வாகப் போட்டாலும் சப்பரம் சாயும், அம்மன் கோவிப்பாள், பையன்களும் கேட்க மாட்டார்கள் என்கிறார். அம்மனுக்குக் கோபம் வருமாம். எனக்கு மட்டும் வரக் கூடாதாம்!

பையன்கள் உன் பேச்சைக் கேட்பார்கள். உடைக்கச் சொன்னபோது கேட்டார்களே. இன்றைக்கே கமிட்டிக்கு ஒரு கடிதம் போடு. அந்த இடத்தில் மட்டும் சப்பரத்தைத் தோளில் தூக்கிக் கடக்கச் சொல். அத்தான் தினமும் மகாவைத் தோளில் ஏற்றித்தான் பள்ளிக்கூடம் கொண்டு போகிறார். அம்மனும் நாலடி தூரம் அப்படி வரட்டும், குறைந்துபோக மாட்டாள்.

ஹம்பை உடைத்தது யார் என்று மகாவிடம் நாங்கள் சொல்லவில்லை. மாமா வரும்போது கொலுசு வாங்கி வருவார் என்று மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

நீ நன்றாக இரு, தம்பி. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கட. கடிதத்தை மட்டும் தள்ளிப் போடாதே.

உன் அக்கா,
சந்தனமாரி