உப்பு றோட்டிலை மழை

ரெய்னர்ஸ் லேன்,
ஞாயிறு பின்னேரம்

இஞ்சாருங்கோ,

கொம்பனி உங்களை நமீபியாவுக்கு அனுப்பின நாளிலையிருந்து, போனிலை உங்களோடை கதைக்க ஏதும் வேணுமெண்டு லைப்ரரியிலை நீங்கள் இருக்கிற சுவகொப்மண்டைப் பற்றித்தான் வாசிக்கிறன். பாலைவனத்துக்குப் பக்கத்திலை கடல் இருந்தும், அது குளிர்க்கடல் எண்டதாலை பனிமூட்டம்தான் வருமாம். மழை வருசத்திலை ஒருக்கால் தூறினாலே புதினமாம். மண்ணிலை ஜிப்சமாம். அதை உப்புத்தண்ணியோடை குழைச்சு றோட்டுப் போடுவினமாம். நல்ல மழை பெய்தால் றோட்டே சேறாகிடுமாம்.

போன கிழமை நான் எடுத்த மூண்டுதரமும், "மழை கொட்டுது, ஒண்டும் கேக்கேல்லை, பிறகு எடுக்கிறன்" எண்டு வைச்சிட்டியள்.

எனக்கெண்டால் ஆரோ ஒருத்தி சிரிச்சது வடிவாக் கேட்டது.

இஞ்சையும் மழைதான். நீங்கள் விட்டிட்டுப் போன குடையைப் பார்சலிலை போட்டிட்டன். நனையாமல் இருங்கோ. அதைத் திருப்பிக் கொண்டுவரத் தேவையில்லை.

உங்களைக் கட்டினவள்