சுண்ணாம்பு மூட்டைமேல் உட்கார்ந்து வந்த நாள்

மச்சான்,

இன்று காலை உன் நிலத்து வரப்பில் சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கின. ஒன்றில் தையல் பிரிந்து பொடி சிந்தியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால்கள் தாமாகவே பின்னால் போய்விட்டன. செம்பரம்பாக்கம் பக்கம் மேகம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. சிறுத்தையை வெறுங்கையால் விரட்டியவன் நான். உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். நீ ஒரு முறைகூட நம்பியதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு மூட்டைக்குப் பயந்து நின்றேன்.

நெஞ்சுவலியில் நீ போனபிறகு நிலத்தை உன் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். "அண்ணே, போன தபா வேர்க்கடலை புடுங்கினா அத்தனையும் பொக்கு. உள்ள பருப்பே இல்ல. இந்த வாட்டியும் இப்டின்னா லாரி நிறுத்த வுட்டுருவேன்" என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சுற்றிலும் கம்பெனி மதில், நடுவில் இந்தச் செம்மண் துண்டு ஒன்றுதான் மிச்சம். இதிலும் ஜல்லியைக் கொட்டி லாரியை ஏற்றிவிட்டால் உன்னை நான் எங்கே வந்து பார்ப்பேன்? அந்தப் பயத்தில்தான், ஒரகடமே கேட்கும்படி, "மண்ணைத் தங்கமாக்கிக் காட்டுறேன்" என்று சவால் விட்டு, இந்த மூட்டைகளை வரவழைத்தேன்.

பல வருடத்துக்கு முன் நாம் இருவரும் சுண்ணாம்பு ஏற்றப் போன அன்றும் இதே அமிலம் ஏறிப் புளித்த மண்தான். சுண்ணாம்பு போட்டால் புளிப்பு முறியும் என்று யாரோ சொன்னார்கள். எந்தச் சுண்ணாம்பு என்று நாம் கேட்கவில்லை. நமக்குத் தெரிந்தது பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒன்றுதான். நேரே காளவாய்க்குப் போய், சுட்டபின் இன்னும் தண்ணீர் ஊற்றி நீர்க்காத சுண்ணாம்பையே ஏற்றினோம். லோடு ஆட்டோவை நீ ஓட்டினாய். பின்னால் மூட்டைமேல் நான், பட்டத்து யானைமேல் ராஜா மாதிரி.

ஒரகடம் பாலத்துக்குக் கீழே வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முதலில் உட்கார்ந்த இடம் கதகதவென்று இருந்தது; சுகம் என்றே நினைத்தேன். பிறகு சுட்டது. பிறகு மூட்டைக்குள்ளிருந்து 'புஸ்'ஸென்று புகை. கண்ணாடியை அடித்தேன், கத்தினேன். நான் பாடுகிறேன் என்று நினைத்து நீ கதவில் தாளம் போட்டாய்! ஷிஃப்ட் பஸ்கள் அத்தனையும் நின்றுவிட்டன. எல்லாக் கம்பெனியிலும் அன்று லைனை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்ததாகத்தான் நான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

டீக்கடைக்காரர் வாளியோடு ஓடிவந்தார். "தள்ளுய்யா, பத்திக்கினு எரியுது!"

"யோவ், தண்ணி ஊத்தாத! வெடிச்சி கண்ணு பூடும்!" என்று நீ குறுக்கே விழுந்து தடுத்தாய். என்னைக் கீழே இழுத்துப்போட்டாய். பொசுங்கிய லுங்கியோடு நான் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்த பிறகும் என் மணிக்கட்டை விடவில்லை.

"இன்னா மச்சான், பயந்துட்டியா?"

"ஆமா மாமா. பயமாத்தான் கீது. அதான் உன்னப் புட்ச்சிக்கினு கீறேன்."

எனக்கு அப்படிச் சொல்ல வந்ததே இல்லை.

இன்று வந்திருப்பது சுடாத கல்லை அரைத்த தூள். தண்ணீர் பட்டாலும் சுடாதாம். "இதை இப்போ தூவி உழுதுடுங்க. எருவைச் சில வாரம் கழிச்சுப் போடுங்க. ரெண்டையும் சேர்த்துப் போட்டா எருவோட சத்து காத்துல போயிடும்" என்று வேளாண்மை ஆபீஸ் அம்மா சொல்லி அனுப்பினார். ஏழாவதுக்குமேல் மூன்று வருடம் எட்டாவது படித்த எனக்கு, என் கணக்கில் அது பத்தாவது, இது புரியாதா? புரிந்தது. ஆனாலும் ஒரு சிட்டிகையைக் கொட்டாங்குச்சியில் போட்டு, எட்ட நின்று தண்ணீர் ஊற்றிவிட்டு, மதில் ஓரம் பதுங்கினேன். புகை வரவில்லை. போய்த் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஆனாலும் மூட்டைப் பக்கம் நான் போகவில்லை.

தூறல் ஆரம்பித்தது. உன் மனைவி முந்தானையால் மூக்கை மறைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். "இன்னாண்ணே, மூட்டையாண்ட போகாம எட்டவே நிக்கிற?"

சிறுத்தைக் கதை நாக்கு நுனிவரை வந்தது, மச்சான்.

"பயமா கீதும்மா. மூட்டைய அந்தப் பக்கம் புட்ச்சிக்க."

அவள் பிடித்துக்கொண்டாள். இருவருமாக உன் செம்மண்ணில் தூவ ஆரம்பித்தோம்.